ஆறாவது சீல்

அமலி எதையும் அளக்காமல் சொல்லமாட்டாள். கணபதி ஏரியாவில் பம்புசெட் செய்யும் கம்பெனி ஒன்றின் இன்ஸ்பெக்‌ஷன் அறையில் அவளுக்கு வேலை. ஷிப்ட் முடிகிற அவசரத்தில் யாராவது ஒரு ஷாஃப்டை நீட்டி, “பார்த்தாலே தெரியுதுங்களே மேடம், ஓகே போட்டிருங்க” என்றால், “அளந்துபோட்டுச் சொல்றேங்க” என்று மைக்ரோமீட்டரைக் கையில் எடுத்துவிடுவாள். நாற்பதைத் தாண்டியும் அவள் கல்யாணம் செய்துகொள்ளாததற்கு அதுதான் காரணம் என்று ஞாயிறுதோறும் போகும் பங்குக் கோயிலில் சிலர் கேலி பேசுவதுண்டு. அவள் காதிலும் அது விழுந்திருக்கிறது. சிரித்துக்கொண்டு போய்விடுவாள்.

போத்தனூரில், ரயில்வேயில் இருந்த அப்பா கட்டிய வீட்டில் அவளும் அம்மா ஞானாபரணமும் இருந்தார்கள். தம்பி மெர்வின் உயிரோடிருந்தவரை அந்த வீட்டில் இரும்புச் சத்தம் ஓய்ந்ததில்லை. பைக், கார், ரேஸ் என்று திரிந்தவன். பள்ளிக்கூட வயதில் பைக் செயினுக்குள் கையை விட்டு இடது ஆட்காட்டி விரலின் நுனியைப் பறிகொடுத்தான். அதற்குப் பிறகும் அடங்கவில்லை. உடுமலைப்பேட்டைப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் வருஷக்கணக்காக மழையிலும் வெயிலிலும் நின்றிருந்த ஜப்பான் கார் ஒன்றை வாங்கி, கயிறு கட்டி இழுத்துவந்தான். இரண்டு பேர் மட்டுமே உட்காரக்கூடிய, தரையோடு தரையாகப் படுத்திருக்கும் கார். அதில் இருந்தது ரோட்டரி எஞ்சின்.

“இதுல பிஸ்டனே கிடையாதுக்கா” என்று ஒருநாள் அமலியை நிறுத்திவைத்துச் சொன்னான். “இடுப்பு ஒடுங்கின அண்டா மாதிரி ஒரு கூடு. அதுக்குள்ள முக்கோணமா ஒரு ரோட்டர் சுத்தும். மூணு முனையிலயும் மெல்லிசா ஒரு இரும்புப் பட்டை இருக்குது பாரு, அதுதான் சீல். அது சுவத்தோட ஒட்டிக்கிட்டே போனாத்தான் எஞ்சினுக்கு மூச்சு. ரெண்டு ரோட்டரு, ஆறு சீலு. ஒண்ணு மக்கர் பண்ணினாலும் எஞ்சின் செத்துதுன்னு வெச்சுக்க.”

வீட்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் அந்த எஞ்சினை முழுக்கப் பிரித்துப் போட்டிருந்த சமயத்தில்தான் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. நுரையீரலில் சளி கட்டிவிட்டது என்றார்கள். கொட்டகையிலிருந்து வேலைச் சட்டையோடு ஆஸ்பத்திரிக்குப் போனவன் உயிரோடு திரும்பவில்லை. கடைசி நாள் முழுவதும் அமலிதான் பக்கத்தில் இருந்தாள். ஒரு மூச்சு வரும். அடுத்தது வராது. இவ்வளவுதானா என்று அவள் நர்ஸைக் கூப்பிட எழுந்திருக்கும்போது இன்னொன்று வரும். சாயங்காலம்வரை அப்படியே இழுத்து, ஒரு தடவை வராமலே நின்றுபோனது.

முப்பதாம் நாள் பூசை முடிந்த அன்று அவள் தனியாகக் கொட்டகைக்குள் போனாள். தரையில் கிடந்த சாமான்களை ஒவ்வொன்றாகத் துடைத்து, துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெய் தடவி, செய்தித்தாளில் சுற்றிப் பெட்டிகளில் அடுக்கினாள். ஆறு சீல் இருக்கவேண்டிய தட்டில் ஐந்துதான் இருந்தன. எங்கேயாவது விழுந்திருக்கும் என்று பெஞ்சுக்கு அடியில் தேடினாள், கிடைக்கவில்லை. கதவைச் சாத்திப் பூட்டி, சாவியைத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள். அதற்கு வேறு சாவி கிடையாது.

மூன்று வருஷம் அந்தப் பக்கம் யாரும் போகவில்லை.

போன வருஷம் சித்திரை வெயிலில்தான் அம்மா முதன்முதலாகச் சொன்னாள். அமலி வேலைக்குப் போனபிறகு, மத்தியானத்தில், கொட்டகைக்குள் சத்தம் கேட்கிறதாம்.

“ஷெட்டுல யாரோ இருக்காங்க கண்ணு.”

“பூனையா இருக்கும்மா.”

“பூனை ஸ்பேனர் புடிக்குமா?”

அமலி போய்ப் பார்த்தாள். பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது. பூட்டுக்கும் கதவுக்கும் நடுவே சிலந்தி வலை கட்டி, அதில் காய்ந்த வேப்பிலை ஒன்று ஒட்டியிருந்தது. வலை எங்கும் அறுபடவில்லை. காற்றுக்கு வைத்த சின்ன ஜன்னலில் கம்பிவலை அடித்தபடியே இருந்தது. தகரம் வெயிலில் சூடேறினால் முறுக்கிக்கொண்டு சத்தம் வரும் என்று அம்மாவிடம் சொன்னாள். அம்மா மறுத்துப் பேசவில்லை. ஆனால் மத்தியானத் தூக்கத்தை விட்டுவிட்டாள். சமையலறையின் பின்வாசலில் ஸ்டூலைப் போட்டு, கொட்டகையைப் பார்த்தபடி உட்காரத் தொடங்கினாள். சாப்பாடு குறைந்தது. அன்னூரில் இருக்கும் சித்தி வீட்டுக்கு நாலு நாள் போய் இருந்துவிட்டு வரச் சொன்னால், “அவன் வேலை செஞ்சுட்டு இருக்கறப்ப எப்படிடி போறது?” என்றாள்.

அந்த வார்த்தை அமலியின் தூக்கத்தைக் கெடுத்தது. பாகங்களைச் சேர்த்து அந்த எஞ்சினைப் பூட்டி முடித்து, காரில் வைத்து, ஓடவிட்டுவிட்டால் அம்மாவின் மனம் அடங்கும் என்று தீர்மானித்தாள். அவளுக்கு இரும்பு தெரியும், அளவு தெரியும். எஞ்சினைப் பூட்டிப் பழக்கமில்லை. அதனால் எல்லா ஏற்பாட்டையும் முடித்தபிறகுதான் கொட்டகையைத் திறப்பது என்று வைத்துக்கொண்டாள்.

மெர்வினின் கூட்டாளி உவைஸ் உக்கடத்தில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருந்தான். அவனிடம் போய்ச் சொன்னாள். “செஞ்சுபோடலாங்க்கா, அவன் பாதில உட்டது எனக்கும் மனசுல கெடந்து உறுத்துதுங்க” என்றான்.

எஞ்சினின் பின்னால் சுற்றும் கனத்த சக்கரமான ஃப்ளைவீலைப் பிடித்திருக்கும் நட்டு உள்ளங்கை அகலம். கார் மெக்கானிக்குகளிடம் அந்த சைஸ் கிடையாது. லாரிக்காரர்கள் வாங்கும் கடையில் சாக்கெட்டும், அதைத் திருக ஆள் உயரத்துக்கு ஒரு பைப்பும் உவைஸ் வாங்கி அனுப்பினான். நட்டைத் திருகும்போது ஃப்ளைவீல் கூடவே சுற்றிவிடக்கூடாதே, அதைப் பிடித்து நிறுத்த ஒரு இரும்புத் தகடு வேண்டும். ஆவாரம்பாளையத்தில் லேத் வைத்திருக்கும் அப்துல் முத்தலிப் அதை வெட்டிக் கொடுத்தார். எஞ்சினை நிமிர்த்தியும் சாய்த்தும் வைக்க ஒரு ஸ்டாண்டும் வெல்டு அடித்தார். திருப்பூர் பனியன் வேஸ்ட்டில் நூல் பிரியாததாகப் பொறுக்கி ஒரு மூட்டை வந்தது. கழுவ மண்ணெண்ணெய், சுரண்ட மரக்குச்சி, சீல்களை ரோட்டர் முனையில் வெட்டியிருக்கும் காடியில் ஒட்டிநிற்க வைக்க ஒரு டப்பா வாஸ்லின். எந்த ரோட்டரில் எந்த முனையில் எது இருந்ததோ அது அங்கேயே திரும்பப் போகவேண்டும், கலந்துவிட்டால் போச்சு. அதற்காக அமலி வீட்டிலிருந்த பழைய இட்லித் தட்டுகளை எடுத்து, குழிக்குக் குழி பெயின்ட்டால் எண் போட்டாள். இல்லாத ஒரு சீலுக்குப் பதில் புதியது ஒன்றை உவைஸ் வெளிநாட்டிலிருந்து வரவழைத்தான்.

கடைசியாக டார்க் ரெஞ்ச் வந்தது. போல்ட்டை வேண்டிய அளவுக்கு முறுக்கியதும் ‘கிளிக்’ என்று சொல்லி நிறுத்தும் ஸ்பேனர். அந்த மாதிரி ஒன்று அதுவரை அந்த வீட்டில் இருந்ததில்லை. மெர்வின் தேவைப்படும்போது யாரிடமாவது இரவல் வாங்கி வருவான். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்வந்து, அமலி அதை முன்னறையில் ஒரு போல்ட்டில் மாட்டிச் சோதித்துப் பார்த்தாள். கிளிக். இன்னொரு தடவை. கிளிக்.

கறிக் கரண்டியோடு அம்மா சமையலறையிலிருந்து வந்து நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை.

“இந்தச் சத்தந்தான் கண்ணு” என்றாள். “மத்தியானத்துல கேக்கறது இதேதான்.”

மறுவாரம் சனிக்கிழமை காலையில் உவைஸ் வந்தான். அமலி சிலந்தி வலையைக் குச்சியால் ஒதுக்கிவிட்டுப் பூட்டைத் திறந்தாள். உள்ளே மக்கிய வாடை அடிக்கவில்லை. மண்ணெண்ணெய் வாடை அடித்தது, அன்றைக்குக் காலையில் யாரோ எதையோ கழுவிவைத்ததுபோல.

கார் துணி மூடியபடி ஓரமாக நின்றது. பெட்டிகள் திறந்து காலியாகக் கிடந்தன. அவள் சுற்றிவைத்த செய்தித்தாள்கள் நான்காக மடிக்கப்பட்டு மூலையில் அடுக்கியிருந்தன. பெஞ்சின் நடுவே, இரண்டு மரக்கட்டைகளின்மேல், எஞ்சின் முழுசாக உட்கார்ந்திருந்தது.

உவைஸ் அதைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். “அக்கா, எல்லாத்தையும் தனித்தனியாக் கட்டி வெச்சிருக்கேன்னு சொன்னீங்களேங்க?”

“கட்டித்தான் வெச்சேன்.”

“அப்புறம் யாரு பூட்டினாங்க?”

“நீ வந்தியா உவைஸ்? மறைக்காமச் சொல்லு. தப்பா எடுத்துக்க மாட்டேன்.”

“அல்லா மேல ஆணையா நான் வரலீங்க்கா. அவன் மௌத்தாப் போனதுக்கப்புறம் இந்தச் சந்துக்குள்ளயே இன்னைக்குத்தான் வாரேன்.”

அமலி அவனை நம்பினாள். ஆனாலும் கை சும்மா இருக்கவில்லை. டார்க் ரெஞ்சை எடுத்து, எஞ்சினின் தட்டுகளைச் சேர்த்துப் பிடித்திருந்த நீளமான போல்ட்டுகளை ஒவ்வொன்றாகச் சோதித்தாள். கொஞ்சம் அழுத்தியதுமே கிளிக், கிளிக், கிளிக். ஒன்றுகூடத் தளர்வாக இல்லை. புத்தகத்தில் சொன்ன அளவுக்கே எல்லாம் முறுக்கப்பட்டிருந்தன.

“கையால சுத்திப் பாக்கலாம்” என்றாள்.

ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, முன்பக்கத்து போல்ட்டில் ஸ்பேனரை மாட்டி உவைஸ் சுற்றினான். அமலி முன் ரோட்டரின் பிளக் துளைக்கு எதிரே உள்ளங்கையை வைத்தாள். புஸ்... புஸ்... புஸ்... மூன்று பக்கமும் ஒரே அளவாகக் காற்று அடித்தது. கையைப் பின் ரோட்டருக்கு மாற்றினாள்.

புஸ்.

பிறகு ஒன்றுமில்லை. உவைஸ் சுற்றிக்கொண்டேதான் இருந்தான். நின்றுவிட்டதோ என்று அவள் கையை எடுக்கப்போனபோது, புஸ். மறுபடியும் அந்த வெற்றிடம். மறுபடியும் ஒன்று.

ஆஸ்பத்திரிக் கட்டிலின் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பகல் முழுக்கக் கேட்ட கணக்கு அது. உள்ளங்கையில் அது வெதுவெதுப்பாகப் பட்டதாக அவளுக்குத் தோன்றியது. “போதும், நிறுத்து” என்றாள். உவைஸ் நிறுத்தினான். ஸ்பேனர் நின்றபிறகும் உள்ளிருந்து இன்னும் ஒரு மூச்சு வந்தது.

“அழுத்தத்துல அடைபட்டிருந்த காத்துங்க்கா” என்றான் உவைஸ்.

“ஆமா” என்றாள் அமலி. பிறகு, தன்னையே நிதானப்படுத்திக்கொள்ள, தெரிந்த விஷயத்தைப் பேசினாள். “பின் ரோட்டர்ல ஒரு சீல் இல்லாமப் பூட்டியிருக்காங்க. ஒரு சீல் இல்லீன்னா ரெண்டு பக்கம் காத்து நிக்காது, ஒரு பக்கந்தான் நிக்கும். அன்னைக்கே அஞ்சுதான் இருந்துது.”

அம்மா எப்போது வந்து வாசலில் நின்றாள் என்று இருவரும் கவனிக்கவில்லை.

“சீல்னா எது கண்ணு? சீப்புப் பல்லு மாதிரி, விரல் நீளத்துக்கு, கருகருன்னு இருக்குமே, அதா?”

“நீங்க எங்கம்மா பார்த்தீங்க?”

“அவன் சட்டைப் பையில இருந்துது. ஆஸ்பத்திரியில அந்தச் சட்டையைக் கழட்டிக் கையில குடுத்தாங்க. கடைசியாத் தொட்டுட்டு இருந்த சாமானாச்சேன்னு, பெட்டியை மூடறதுக்கு முன்னாடி, ஜெபமாலையோட சேர்த்து அவன் கையில வெச்சுட்டேன். உங்கிட்டச் சொன்னா இரும்பை எதுக்கு வெச்சேன்னு கேப்பே, அதான் சொல்லலை.”

பக்கத்து லைனில் ஒரு கூட்ஸ் வண்டி நீளமாகப் போய்முடிந்தது. போத்தனூர்க் கல்லறையில் அந்தப் பெட்டி இறங்கியதை மூன்று பேரும் பார்த்தவர்கள். அதன்மேல் சிமென்டுப் பலகை போட்டதையும் பார்த்தவர்கள்.

“பிரிச்சுப் பாக்கலாம்” என்றாள் அமலி. “அந்த எடம் காலியா இருக்கும். புதுசைப் போட்டு மூடிரலாம்.”

எஞ்சினை ஸ்டாண்டில் ஏற்றினார்கள். ஃப்ளைவீலுக்குத் தகட்டைப் போட்டு நிறுத்தி, பெரிய சாக்கெட்டில் பைப்பைச் செருகி, இருவரும் தொங்கி இழுத்ததும் அந்த நட்டு படீரென்று விட்டுக்கொடுத்தது. எஞ்சினைச் செங்குத்தாகத் திருப்பி, நீள போல்ட்டுகளைச் சுற்றிச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, மேல் தட்டைத் தூக்கினார்கள்.

உள்ளே வாஸ்லின் பூசியிருந்தது. அமலி அன்றைக்கு எண்ணெய்தான் தடவியிருந்தாள், வாஸ்லின் தொடவே இல்லை. தட்டின் அடிப்பக்கத்தில் அந்த மெழுகுப் பூச்சின்மேல் விரல் அடையாளங்கள் தெளிவாகத் தெரிந்தன. இடது கை. மூன்று விரல்களுக்கு ரேகை இருந்தது. ஆட்காட்டி விரல் இருக்கவேண்டிய இடத்தில், ரேகையில்லாமல், மொட்டையாக ஒரு குழி.

உவைஸ் கையிலிருந்ததைக் கீழே வைத்தான். “நான் வெளிய நிக்கறேங்க்கா” என்று போய்விட்டான்.

அமலி போகவில்லை. ரோட்டரின் முதல் முனையில் சீல் பளபளவென்று இருந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது முனை காலியாக இல்லை. அங்கேயும் ஒரு சீல் இருந்தது. துருவேறி, காடியில் இறுகிப்போய், அசையாமல். அதனால்தான் அது சுவரைத் தொடவில்லை. மரக்குச்சியால் ஓரத்தைச் சுரண்டினாள். துருவோடு சேர்ந்து ஈரமான செம்மண் உதிர்ந்து அவள் விரலில் ஒட்டியது. கொட்டகைத் தரை சிமென்டு.

அவள் அதை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, மெல்லத் தட்டி எடுத்தாள். முன் ரோட்டரையும் பிரித்து, மற்ற ஐந்தையும் எடுத்து இட்லித் தட்டுக் குழிகளில் வைத்தாள். ஆறு சீலையும் கழுவினாள். பிறகு மைக்ரோமீட்டரைக் கொண்டுவந்து ஒவ்வொன்றாக அளந்தாள். ஐந்தும் எவ்வளவு தேய்ந்திருந்தனவோ, துரு நீங்கிய ஆறாவதும் ஏறக்குறைய அதே அளவுக்குத்தான் தேய்ந்திருந்தது. வேறு எங்கிருந்தோ வந்த துண்டு இல்லை. அந்த ஐந்தோடு சேர்ந்து ஓடினது. மறுபடியும் அளந்தாள். அதேதான் வந்தது. கருவியை வைத்துவிட்டு, கொட்டகையின் நடுவில் நின்றுகொண்டு, பல வருஷத்துக்குப் பிறகு சத்தம் போட்டு அழுதாள். அம்மா உள்ளே வந்து அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். கையிலிருந்த மண்ணெண்ணெய் அம்மாவின் சேலையெல்லாம் பட்டது.

அன்று சாயங்காலமே அவள் கல்லறைக்குப் போனாள். சிமென்டுப் பலகை போட்டது போட்டபடி இருந்தது. விரிசல் இல்லை. சுற்றிலும் புல் முளைத்துப் படர்ந்திருந்தது, எந்தப் பக்கமும் மண் கிளறின தடமில்லை. பலகையின் ஓரத்தில் ஒரு கரண்டியால் தோண்டி, ஆறாவது சீலைத் துணியில் சுற்றி உள்ளே வைத்து மூடினாள். என்ன ஜெபம் சொல்வதென்று தெரியவில்லை. “மத்ததை நான் பார்த்துக்கறேன்டா” என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தாள்.

பிறகு நடந்ததில் மர்மம் எதுவுமில்லை, வேலைதான். வேலைக்கு லீவு போட்டாள். புது சீலைப் பழையவற்றோடு சேர்த்துப் போடுவது சரியில்லை என்று உவைஸ் போனில் சொன்னதால், ஆறையும் புதிதாகவே வரவழைத்தாள். அவன் கொட்டகை வாசலுக்கு வெளியே நின்றபடி சாமான்களை எடுத்துக் கொடுக்க ஆரம்பித்து, இரண்டாம் நாள் படி ஏறினான், மூன்றாம் நாள் உள்ளே வந்துவிட்டான். அந்த விரல் அடையாளத்தைத் துடைக்கும் நேரம் வந்தபோது அமலிக்குக் கை வரவில்லை. அம்மாதான் பனியன் துணியை வாங்கி, குழந்தையின் வாயைத் துடைப்பதுபோலத் துடைத்தாள்.

எஞ்சினைக் காரில் ஏற்றி, வயர்களும் குழாய்களும் பூட்டி முடித்து, ஒரு மத்தியானம் சாவியைத் திருப்பினார்கள். மூன்றாம் தடவையில் பிடித்தது. உள்ளேயிருந்த வாஸ்லின் எரிந்து வெள்ளைப் புகை சந்து முழுவதும் அடைத்தது. கொசு மருந்து அடிக்க கார்ப்பரேஷன் வண்டி வந்துவிட்டது என்று எதிர்வீட்டில் ஜன்னல்களைச் சாத்தினார்கள். புகை அடங்கியபிறகு எஞ்சின் ஒரே சீராக, விட்டுப்போகாமல் ஓடிக்கொண்டிருந்தது. உவைஸ் கொட்டகைச் சுவரில் சாய்ந்து முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அதற்குப் பிறகு கொட்டகையில் சத்தம் கேட்டதாக அம்மா சொல்லவில்லை. கேட்கவில்லையா, கேட்டும் சொல்லவில்லையா என்று அமலி விசாரிக்கவில்லை. கொட்டகைக்குப் பூட்டும் போடுவதில்லை.

ஒரு விடுமுறை நாளில் அம்மாவை அந்தக் காரில் உட்காரவைத்து, காரமடைப் பக்கம் ஓட்டிப்போனாள். தரையோடு படுத்த சீட்டில் இறங்கி உட்கார அம்மா பட்ட பாட்டில் இருவரும் சிரித்தார்கள். பெரியநாயக்கன்பாளையம் தாண்டியதும் மலைக்காற்று வீசியது. அமலி ஏதோ கேட்டாள். பதில் வரவில்லை. திரும்பிப் பார்த்தால், அம்மா தலையைச் சாய்த்து, வாய் லேசாகத் திறந்திருக்க, ஆழ்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். காரமடை வந்தது, கோயில் கோபுரம் தெரிந்தது. எழுப்ப மனம் வராமல் அமலி மேட்டுப்பாளையம் ரோட்டிலேயே நேராக ஓட்டிக்கொண்டு போனாள்.